அமாவாசைக்கு மட்டும் நிரம்பிய பள்ளி

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளராம். கல்வித் துறை விதிகளில் வரும் சொற்களுக்குப் புது ஆட்களுக்கு விளங்கும்படி ஒரு கையேடு போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களைக் கேட்டு எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். அங்கீகாரம், சராசரி வருகை, திடீர் ஆய்வு, உபரி ஆசிரியர் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு லைன் சொன்னா போதும் சார்."

"ஒரு லைன்ல சொல்ற விஷயம் இல்லம்மா அது."

"ரெண்டு லைன்னா கூட பரவாயில்ல சார். பக்கம் கம்மியாத்தான் குடுத்திருக்காங்க."

போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்மேல் கோபமில்லை, அவள் என்ன செய்வாள். அந்தச் சொற்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் மாரடித்தவன் நான். அவற்றை யாராவது சாதாரணமாக உச்சரித்தாலே எனக்கு இன்றும் சுருக்கென்று ஏறும். என் வீட்டுக்காரி, "எதுக்கு இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க, யார் போன்ல?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு லைனில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தாமல். டைப்பு பாஸ் செய்துவிட்டு, பரீட்சை எழுதி, அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் பள்ளித் துணை ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் எழுதியதெல்லாம் தப்பு, கேட்டதெல்லாம் திட்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அப்புறம் என்னை ஆய்வாளரோடு வெளியே போகும் எழுத்தராகப் போட்டார்கள். அன்றிலிருந்துதான் என் உத்தியோகம் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

துணை ஆய்வாளரை ஊரே டிப்டி என்றுதான் சொல்லும். எங்கள் டிப்டி நரசிம்மாச்சாரி. சின்ன காஞ்சிபுரத்தில் சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் வீடு. ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் மடக்கிய குடை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார், தண்ணீர்கூட வீட்டிலிருந்து கூஜாவில் வரும். லஞ்சம் வாங்காதவர் என்று ஊரில் பெரிய பெயர். நானும் மறுக்கவில்லை. ஆனால் லஞ்சம் வாங்காதவரிடம் வேலை செய்வது எவ்வளவு பெரிய தொல்லை என்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். அவரை எதைச் சொல்லியும் வளைக்க முடியாது. அழுதாலும் முடியாது, நியாயம் பேசினாலும் முடியாது.

அவர் பள்ளிக்குள் நுழையும் விதமே தனி. சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும், அதற்குப் பெயர்தான் திடீர் ஆய்வு. வாசலில் செருப்பைக் கழற்றியதும் கதவைச் சாத்தச் சொல்வார். தலைமை ஆசிரியர் எழுந்து வணக்கம் வைப்பதற்குள் வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அன்றைய தேதியின் கடைசிப் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுவார். அந்தக் கோட்டுக்குப் பிறகு உலகமே நின்றுவிட வேண்டும். பிறகு குடை நுனியால் ஒவ்வொரு பிள்ளையையும் சுட்டிச் சுட்டித் தலை எண்ணுவார். ஒரு முறை முன்னாலிருந்து, ஒரு முறை பின்னாலிருந்து. கோடு போட்டபின் மூச்சிறைக்க ஓடிவந்து வாசலில் நிற்கும் பிள்ளை அவருக்குக் கண்ணில் படாது. "அது வரலை" என்பார், அது நம் எதிரில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்துப் பக்கம் நெசவாளர் தெரு ஒன்றில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று இருந்தது. ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் ஏகாம்பரம் முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். நான்கும் ஐந்தும் சரோஜா என்கிற டீச்சருக்கு. அந்தத் தெருவிலேயே பிறந்து, நெசவுக் குடும்பத்திலிருந்து பயிற்சிக்குப் போய் வந்த முதல் பெண். அவர் அங்கே இருந்ததால்தான் அந்தத் தெருக்காரர்கள் பெண் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புக்கு மேலும் படிக்க விட்டார்கள். இல்லாவிட்டால் கடைத்தெருவைத் தாண்டி இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும், அதற்கு ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளிக்குப் பிடித்த வியாதி சராசரி வருகை. பள்ளி நடந்த நாள் ஒவ்வொன்றிலும் வந்த பிள்ளைகளைக் கூட்டி, நாட்களால் வகுத்தால் கிடைப்பது சராசரி வருகை. அது ஒரு அளவுக்குக் கீழே போனால் ஓர் ஆசிரியர் அதிகமாக இருக்கிறார் என்று அர்த்தம். அந்த அதிகப்படி ஆள்தான் உபரி. உபரி என்று முத்திரை விழுந்தவருக்கு அரசு மானியத்தில் சம்பளம் கிடையாது. பள்ளி நிர்வாகி தன் கையிலிருந்து கொடுப்பாரா, கொடுக்க மாட்டார். டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வருகை ஏன் குறைந்தது என்றால், அந்த ஊர்ப் புடவைதான் காரணம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்வதற்கு ஒரு ஆள் போதாது. கரைக்கு நாடா என்கிற நூல் கட்டையைத் தள்ள, பக்கத்தில் உட்கார இன்னொரு கை வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டில் அது பிள்ளையின் கையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். இன்று அண்ணன் தறியில், தங்கை பள்ளியில். நாளை மாறிவிடும். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர வருவார்கள். அமாவாசை அன்று. அன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது, அது அவர்களுக்கு வழிவழியாக வந்த விடுமுறை.

அமாவாசையன்று எங்கள் டிப்டி வெளியே கிளம்ப மாட்டார். தகப்பனாருக்குத் தர்ப்பணம். காலையிலிருந்து பட்டினி, எல்லாம் முடிந்து சாப்பிட மத்தியானம் ஆகிவிடும். அரை நாள் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். அந்தப் பள்ளி நிரம்பி வழியும் ஒரே நாளும், அவர் எந்தப் பள்ளிக்கும் போகாத ஒரே நாளும் ஒன்றாகவே அமைந்தது யார் செய்த பாவமோ எனக்குத் தெரியாது. மூன்று முறை போனோம், மூன்று முறையும் பாதி பெஞ்சு காலி. சரோஜாவின் பணியிடத்தை உபரியாக்கக் குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார்.

ஏகாம்பரம் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சார், ஒரே ஒரு தபா அமாவாசையில வந்து பாருங்க சார். உக்கார எடம் இருக்காது."

டிப்டி பேனாவை மூடினார். "ஓய், நீர் தேதி சொல்லி நான் வந்தா அதுக்குத் திடீர் ஆய்வுன்னு பேரா?"

"தேதி சொல்லலைங்க சார். அமாவாசைன்னுதான் சொன்னேன்."

"அது தேதி இல்லாம வேற என்ன?"

"சரிங்க சார், நான் ஒண்ணும் சொல்லல. நான் வரவே இல்லைன்னு வெச்சிக்கங்க."

"வந்துட்டீரே. நான் எப்படி வரலைன்னு வச்சுக்கறது?"

நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்த மனிதர் படியிறங்கிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், கூப்பிட்டா வர மாட்டீங்க, கூப்பிடாட்டா அவங்க கெட்ட நேரத்துல வருவீங்க. அந்த டீச்சர் எப்படித்தான் பொழைக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவைத் திறந்து அடுத்த கோப்பை இழுத்துக்கொண்டார்.

அடுத்த அமாவாசையன்று அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் கீழே ரிக்‌ஷா வந்து நின்றது. டிப்டி. பஞ்சகச்சம், பளிச்சென்ற திருமண், விரலில் தர்ப்பைப் பவித்திரம் கழற்றிய ஈரம்கூடக் காயவில்லை. "தணிகாசலம், ஏறு. சாப்பிட்டுட்டுப் போனா தூக்கம் வந்துடும்" என்றார்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தறிச் சத்தம் இல்லை என்று புரிந்தது. பள்ளியில் நிற்க இடமில்லை. ஜன்னல் கட்டை மேல்கூட உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியாயிற்று, சிவப்புக் கோடு போட்டாயிற்று, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எண்ணியாயிற்று. பதிவேட்டில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள், ஒன்று குறையவில்லை. ஏகாம்பரம் முகத்தில் கல்யாணக் களை. சரோஜா கரும்பலகை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டிப்டி குடையை ஊன்றி நிமிர்ந்தார். "எங்கேர்ந்து ஓய் இரவல் வாங்கினீர்?"

ஆய்வு நாளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைப்பது அந்தக் காலத்தில் பல பள்ளிகள் செய்த வேலைதான். பாதி பெஞ்சு காலியாகவே பார்த்துப் பழகியவருக்கு நிறைந்த பள்ளியைப் பார்த்ததும் அதுதான் தோன்றியிருக்கிறது. காலியாக இருந்தால் உபரி, நிறைந்திருந்தால் மோசடி. எனக்கு வந்த எரிச்சலில் பதிவேட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஏகாம்பரம் மறுபடியும் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். சரோஜாதான் முன்னால் வந்தார். "இரவல் இல்ல சார். எல்லாரும் இந்தத் தெருப் பசங்கதான். வேணும்னா அவங்கவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றேன். நீங்களே வந்து பாருங்க."

டிப்டி யோசித்தார். பிறகு, "நிக்கட்டும்" என்றார்.

அப்படி ஒரு வருகைக் கணக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவில் ஓடி, வீட்டுக்கு வீடு வாசலில் போய் நின்றார்கள். தறி இல்லாத நாள், பெரியவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒவ்வொருவராக வெளியே வந்து என்ன ஏது என்று பார்த்தார்கள். டிப்டி வெயிலில் குடையை விரிக்காமல் நடந்தார். நான் பின்னால் பதிவேட்டை ஏந்திப் பெயர் படித்துக்கொண்டே போனேன். உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று வாசலுக்கு வாசல் குரல் வந்தது.

பாதித் தெரு தாண்டியதும் காமாட்சி என்கிற நாலாம் வகுப்புப் பெண். அவள் அம்மா குப்பம்மாள் பக்கத்தில் நின்றாள். டிப்டி கேட்டார், "இது உங்க பொண்ணுதானா?"

"எம் பொண்ணு இல்லாம வேற யாருது சார்? சந்தேகமா இருந்தா நாளைக்கி வந்து பாருங்க. இங்கேயே தறியில குந்திக்கினு கரைக்கு நாடா தள்ளிக்கினு இருக்கும்."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் சாட்சி சொன்னதாகத்தான் நினைத்தாள். அவள் சொன்னதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரரும் தன் பங்குக்கு, "எங்க வூட்டுதும் அப்படித்தான் சார், நாளைக்கி வராது. தறியில பாவு நூல் ஏறிக்கீது" என்றார். தெருக் கோடி வரை அதே கதை. பிள்ளை என் பிள்ளைதான் என்று நிரூபிக்க, நாளைக்குப் பள்ளிக்கு வராது என்று வீட்டுக்கு வீடு சத்தியம் செய்து கொடுத்தார்கள். இப்படி ஒரு வெள்ளந்திக் கூட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

ரிக்‌ஷாவில் ஏறியபின் டிப்டி குடையை மடியில் கிடத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "பொய் சொல்லியிருந்தா கண்டுபிடிச்சு எழுதியிருப்பேன். இத்தனை உண்மையை வச்சுண்டு நான் என்னடா பண்ணுவேன்?"

ஆனாலும் எழுதினார். அதை நான் மறைக்கக் கூடாது. உபரிக் குறிப்பைக் கிழித்துவிட்டு, நெசவுத் தொழில் காரணமாகவே வருகை குறைகிறது, அமாவாசையில் முழு வருகை நேரில் காணப்பட்டது, தறி தொடங்குமுன் அதிகாலையில் பள்ளி நடத்த அனுமதித்துப் பணியிடத்தைக் காப்பாற்றலாம் என்று மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினார். வளைக்கவே முடியாத மனிதர் தானாக வளைந்து எழுதியது அது ஒன்றுதான். நானே டைப் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

பதில் வந்தது. அமாவாசை என்பது சமயம் சார்ந்த நாளா, தொழில் சார்ந்த நாளா என்பதைத் தெளிவுபடுத்துக. சமயம் சார்ந்தது எனில் பரிசீலிக்க இயலாது. தொழில் சார்ந்தது எனில் உரிய துறையை அணுகவும். நிற்க, உபரிப் பணியிடம் குறித்த அறிக்கை இன்னும் வந்து சேராததற்கு விளக்கம் தருக.

டிப்டி அதை இரண்டு முறை படித்தார். கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தார். "உபரிக் குறிப்பை மறுபடியும் அடி" என்றார்.

சரோஜா வேலை இழந்து வீட்டுக்குப் போனார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் மூடப்பட்டன. பையன்களில் சிலர் கடைத்தெருவைத் தாண்டிப் போய்ப் படித்தார்கள். பெண்களில் ஒருத்தியும் போகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மொட்டைக் கடிதம். அதே தெருவில் அங்கீகாரம் பெறாத பள்ளி ஒன்று நடக்கிறது, அமாவாசையன்று வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. யார் எழுதினார்களோ, நாசமாய்ப் போக. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் மூடச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். டிப்டி தர்ப்பணம் முடித்துக்கொண்டு மறுபடியும் ரிக்‌ஷாவில் வந்தார். நோட்டீஸ் என் பையில் இருந்தது.

சரோஜாவின் வீட்டில் தறி போட்டிருந்த கூடத்தில், இரண்டு தறிகளுக்கு நடுவே பெண் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கரித்துண்டால் கணக்கு. டிப்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். சரோஜா நாற்காலி போடக்கூட நகரவில்லை.

"மூடணும்னா மூடிடறேன் சார். இதுங்ககிட்ட என்னான்னு சொல்றதுன்னு மட்டும் நீங்களே சொல்லிட்டுப் போங்க."

டிப்டி பிள்ளைகளைப் பார்த்தார். குடை எழும்பவில்லை, தலை எண்ணவில்லை. "மாசத்துல எத்தனை நாள் நடத்தறேள்?"

"அமாவாசை ஒரு நாள்தான் சார். மத்த நாள்ல நானும் தறியில குந்திடறேன். ஒரு மாசத்துக்குப் பாடம் குடுத்துடுவேன், வாய்ப்பாட்டை நாடா தள்ளிக்கினே சொல்லிக்குங்க."

"வருகைப் பதிவேடு?"

"இல்ல சார்."

"மணி?"

"இல்ல."

"தணிகாசலம், எழுதிக்கோ." நான் பையைத் திறந்தேன். "நோட்டீஸ் இல்லைடா, அறிக்கை. பள்ளின்னா வேலை நாள் வேணும், பதிவேடு வேணும். இங்கே ரெண்டும் கிடையாது. ஆகவே, புகாரில் கண்ட இடத்தில் பள்ளி எதுவும் இயங்கவில்லை எனக் காணப்பட்டது."

நான் எழுத எழுத, பின்னால் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன கடைசி வார்த்தையை நான் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அவர் செய்தது பெரிய உதவிதான். அன்று எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று.

அந்தக் குளிர்ச்சி அடுத்த ஜூன் வரைக்கும்தான். குப்பம்மாள், காமாட்சி, சரோஜா மூவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். காமாட்சியைப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவதில் சேர்க்க வேண்டும், அங்கே மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார்கள். இல்லாத பள்ளி எங்கே சான்றிதழ் கொடுக்கும்? இல்லை என்று எழுதி அனுப்பியதே நாங்கள்தானே.

டிப்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டிலேயே படித்த பிள்ளைக்குத் தேர்வு வைத்துச் சேர்க்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கு ஒரு விண்ணப்பம். நான் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. அடுத்து, ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியும் ஆசிரியரும்.

காமாட்சி சட்டென்று, "சரோஜா டீச்சர்" என்றாள்.

என் பேனா நின்றுவிட்டது. அந்தப் பெயரை எழுதினால் பள்ளி இருந்ததாகிவிடும், அறிக்கை பொய்யாகிவிடும், அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்த படிப்பு செல்லாமலும் போய்விடும். டிப்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரோஜா டீச்சர்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க. எழுதுங்க சார்" என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். அவள் அம்மாவின் பெண்ணல்லவா.

சரோஜா அவள் தோளில் கைவைத்து அழுத்தினார். "இல்லைன்னே எழுதுங்க சார். சேந்துட்டான்னா போதும்."

இல்லை என்று எழுதினேன். டிப்டி கையெழுத்துப் போட்டார். காமாட்சி தேர்வில் பாஸாகிச் சேர்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்து மறு வருஷம் அந்தக் கூடத்திலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். எல்லோருடைய விண்ணப்பத்திலும் அதே இடத்தில் அதே வார்த்தையைத்தான் எழுதினேன். ஒவ்வொரு முறையும் சரோஜா கூடவே வந்து, கதவோரம் நின்று, நான் எழுதி முடிக்கும் வரை பார்த்துவிட்டுப் போவார்.

நேற்று நானே அந்த உதவியாளரைக் கூப்பிட்டேன். மற்றதெல்லாம் எனக்கு வராது, உபரி ஆசிரியருக்கு மட்டும் ஒரு வரி இருக்கிறது, எழுதிக்கொள் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"சொல்லுங்க சார்."

"சரோஜா, நான்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, பிள்ளையார்பாளையம்..."

"சார், சார். பேரெல்லாம் வேணாம் சார். அர்த்தம் மட்டும் போதும்."

மறுபடியும் போனை வைத்துவிட்டேன்.